நம்பரைப் பார்த்து ஊற்றுங்கள்

ரெங்கத்தில் குளிர்காலம் கிடையாது. டிசம்பர் அடைமழையில் விடியற்காலை 22, 23 டிகிரிக்கு இறங்கினாலே இழுத்துப் போர்த்திக்கொள்கிற ஊர் இது. இந்த ஊரில்தான் என்ஜின் ஆயில் போத்தலில் குளிர்காலத்துக்காகப் போட்டிருக்கும் நம்பரைப் பார்த்துப் பயப்படுகிறோம். என்ஜினுக்கு நாள் முழுவதும் வேண்டிய நம்பரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதைப் பார்த்துப் பார்த்து மனம் வெந்துபோய்த்தான் எழுதுகிறேன்.

பட்டறையில் நடப்பதைச் சொல்கிறேன். காடியை உள்ளே விட்டதும் போமன் கேட்கும் முதல் கேள்வி, "மினரலா, செமியா, ஃபுல்லியாண்ணே?" என்பது. எவ்வளவு செலவழிக்கப் போகிறீர்கள் என்று கேட்கிறார், அவ்வளவுதான். அடுத்தது, "ஃபில்டரையும் மாத்திடவா?" மூன்றாவது கேள்வி கிடையாது. என்ன நம்பர் ஊற்றப் போகிறார் என்று அவரும் சொல்வதில்லை, காடிக்காரரும் கேட்பதில்லை. நான் கேட்டால், "டென் ஃபோர்ட்டிண்ணே, எல்லாத்துக்கும் ஓகே" என்கிறார். காடி கொஞ்சம் வயதானது என்றால் பேச்சே இல்லை, டுவென்டி ஃபிஃப்டிதான். "நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டியா இருந்தாத்தாண்ணே நிக்கும்." பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும் தலையாட்டுவார்கள். காடியின் முன்பெட்டிக்குள் அதன் புத்தகம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும். பானட்டைத் திறந்தால் ஆயில் ஊற்றும் மூடியின் மேலேயே நம்பரை அச்சடித்து வைத்திருக்கும் காடிகளும் உண்டு. அந்த மூடியைத் திருகிக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே வேறு நம்பரை ஊற்றுகிறார்கள்.

இந்த நம்பர்கள் ஒன்றும் ரகசியமில்லை. அமெரிக்காவில் எஸ்ஏஇ என்ற மோட்டார் வாகனப் பொறியாளர் சங்கம் 1911இல் ஆயில்களின் பாகுத்தன்மையை வகைப்படுத்தத் தொடங்கியது. ஜே300 என்ற பெயரில் அந்த அளவுகோல் திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டு இன்றுவரை வருகிறது. உலகத்தில் எந்த மூலையில் விற்கும் போத்தலானாலும் 5டபிள்யூ-30 என்று போட்டால் இந்த அளவுகோலைத்தான் சொல்கிறார்கள். டபிள்யூ என்றால் குளிர்காலம். அதற்கு முன்னால் இருக்கும் நம்பர், கடுங்குளிரில் என்ஜினை முடுக்கும்போது ஆயில் எவ்வளவு இறுகிக் கிடக்கும் என்பதற்கானது. எத்தனை டிகிரியில் சோதிக்கிறார்கள் தெரியுமா? 0டபிள்யூவுக்கு மைனஸ் 35. 5டபிள்யூவுக்கு மைனஸ் 30. 10டபிள்யூவுக்கு மைனஸ் 25. 15டபிள்யூவுக்கு மைனஸ் 20. எல்லாரும் கெட்டி, கெட்டி என்று கொண்டாடுகிற 20டபிள்யூவுக்கே மைனஸ் 15.

மலேசியாவில் இதுவரை பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி. 1978 பிப்ரவரி 1ஆம் தேதி, கேமரன் மலையில். அந்த ராத்திரி அங்கே நின்ற காடியில் 20டபிள்யூ ஆயில் இருந்திருந்தால்கூட, ஆயில் இறுகியதால் ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. அப்படியிருக்க, ரெங்கத்தில் ஒருவர் 0டபிள்யூ-40 போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, ஜீரோவா? தண்ணியாட்டம் இருக்குமே, வெள்ளைக்காரன் ஊருக்கு உள்ளது" என்று திரும்ப வைத்துவிட்டு 10டபிள்யூ-40ஐ எடுத்துப் போகிறார். என்ஜின் சூடேறி ஓடும்போது அந்த இரண்டும் ஒரே வரிசையில் வருகிற ஆயில்கள். அவர் பயந்தது மைனஸ் 35 டிகிரியில் ஒரு சோதனைச்சாலைக்குள் எடுத்த அளவைப் பார்த்து.

ஆயில் சூட்டில் இளகும், குளிரில் இறுகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மழைக்காலக் காலையில் தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் உறைந்து நிற்பதை எந்த வீட்டில் பார்க்கவில்லை? வெயில் ஏறியதும் அதுவே ஓடுகிறது. என்ஜின் ஆயிலில் இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கத்தான் இரண்டு நம்பர் போட்ட ஆயிலே வந்தது. இளகிய அடிப்படை எண்ணெயில் நீளச் சங்கிலி போன்ற மூலக்கூறுகளைக் கலக்கிறார்கள். குளிரில் அவை சுருண்டு கிடக்கும், சூட்டில் விரிந்து ஆயில் ரொம்பவும் இளகிவிடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் தோட்டத்து டிராக்டருக்கும் லாரிக்கும் வெறும் 30, வெறும் 40 என்று ஒற்றை நம்பர் ஆயில் ஊற்றியதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இப்போது அந்த இரண்டாவது நம்பருக்கு வருகிறேன். என் ஆதங்கமெல்லாம் அங்கேதான். 20, 30, 40, 50 என்பவை ஆயில் 100 டிகிரியில் இருக்கும்போது எடுத்த அளவு. செண்டிஸ்டோக்ஸ் என்ற கணக்கில் 6.9 முதல் 9.3க்குள் இருந்தால் 20. அங்கிருந்து 12.5க்குள் 30. அங்கிருந்து 16.3க்குள் 40. அதற்கு மேல் 21.9க்குள் 50. 12.4 இருந்தால் 30 என்று போடுவார்கள், 12.5 இருந்தால் 40 என்று போடுவார்கள். முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவே சில போத்தல்களில் அவ்வளவுதான் வித்தியாசம்.

100 டிகிரி என்று ஏன் வைத்தார்கள்? ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினில் ஆயில் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. வெளியே என்ன வெயில் என்பதற்கும் அதற்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு. தண்ணீரில் குளிர்கிற காடி என்ஜினில் தெர்மோஸ்டாட் என்ற சின்ன வால்வு இருக்கிறது. என்ஜின் தண்ணீர் சூடேறும் வரை அது மூடிக்கொண்டிருக்கும், பிறகு திறந்து ரேடியேட்டருக்கு விடும். 90 டிகிரியை ஒட்டி நிறுத்தி வைப்பது அதன் வேலை. பனிக்கட்டியில் ஓடும் ஃபின்லாந்துக் காடியானாலும், சிம்பாங் ரெங்கம் ரோட்டில் மத்தியான வெயிலில் ஓடும் நம் காடியானாலும், என்ஜின் உள்ளே வைத்திருக்கப் பார்க்கும் சூடு ஒன்றுதான். மலேசியாவில் பதிவான உச்ச வெப்பம் பெர்லிஸ் சுப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 டிகிரி. அந்த வெயிலுக்கும் என்ஜின் உள்சூட்டுக்கும் இடையே இன்னும் எத்தனை டிகிரி இருக்கிறது என்று பாருங்கள். "நம்ம ஊரு வெயில்" என்ற ஒரே காரணத்தை வைத்து நம்பரை ஏற்றுகிறவர்கள் இந்த வால்வை மறந்துவிடுகிறார்கள்.

மறந்தால்கூடப் பரவாயில்லை. கழற்றியே போட்டுவிடுகிறார்கள். "சூடான ஊருக்கு தெர்மோஸ்டாட் எதுக்குண்ணே, எடுத்துட்டா காடி கூலா ஓடும்" என்று சொல்லி எடுத்து எறிகிற பட்டறை இன்றும் இருக்கிறது. எடுத்தால் என்ன ஆகிறது? நெடுஞ்சாலையில் ஓடும்போது என்ஜின் ஏறவேண்டிய சூட்டுக்கு ஏறுவதே இல்லை. என்ஜின் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று கணினி நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிவிடுகிறது. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் இறங்குகின்றன, அவை ஆவியாகிப் போகுமளவுக்கு ஆயில் சூடேறுவதில்லை. இதே ஆள்தான் ஆயில் மூடியைத் திறந்து உள்ளே வெண்ணெய் மாதிரி ஒட்டியிருப்பதைக் காட்டி, "ஆயில் தண்ணியா இருந்ததால வந்தது, இனிமே ஃபிஃப்டி போடுங்க" என்கிறார். ஒரு தப்பான நம்பிக்கைமேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று.

அப்படிக் கெட்டியாகவே ஊற்றினால்தான் என்ன, பாதுகாப்புதானே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. விடியற்காலை ஆறு மணிக்கு சாவியைத் திருப்பும்போது என்ஜினுக்குள் இருக்கும் ஆயில் 25 டிகிரியில் இருக்கிறது, 100இல் இல்லை. 40 டிகிரியில் அளந்தாலே சாதாரண 5டபிள்யூ-30 ஆயில் பொதுவாக 60 செண்டிஸ்டோக்ஸை ஒட்டி இருக்கும். ஓடும்போது என்ஜின் கேட்பது பத்துச் சொச்சம். அதாவது எல்லாரும் "தண்ணி" என்று திட்டுகிற அந்த ஆயிலே, நம் ஊர்க் காலையில், தேவைக்கு ஆறு மடங்குக்கு மேல் கெட்டியாகத்தான் கிடக்கிறது. 20டபிள்யூ-50 என்றால் 40 டிகிரியிலேயே 150ஐத் தாண்டும். 25 டிகிரியில் இன்னும் மேலே. அந்தச் சமயத்தில் பம்ப் அதைத் தள்ளமுடியாமல் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் அளவு மீறினால் ஒரு நிவாரண வால்வு திறந்து ஆயிலைத் திரும்ப அடித்தொட்டிக்கே விட்டுவிடுகிறது. மேலே கேம் ஷாஃப்டுக்குப் போகவேண்டிய ஆயில் தாமதமாகிறது. அழுத்த முள் ஏறி நிற்பதைப் பார்த்து "பாருங்கண்ணே, நல்ல பிரஷர்" என்று சந்தோஷப்படுகிறோம். எவ்வளவு ஆயில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அந்த முள் சொல்லாது.

பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை இருபது முப்பது பாகமாகப் பிரித்தால் அதில் ஒரு பாகம். ஷாஃப்டு சுற்றும்போது ஆயிலைத் தன்னோடு இழுத்துப் போய் அந்த இடைவெளியில் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கி அதன்மேல் மிதக்கிறது. இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. காடி செய்கிறவர்கள் அந்த இடைவெளி, பம்பின் அளவு, ஆயில் ஓடும் துளைகள் எல்லாவற்றையும் ஒரு நம்பரை மனதில் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். இப்போதைய என்ஜின்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவதுகூட ஆயில் அழுத்தத்தால்தான் நடக்கிறது. சல்லடை போன்ற சின்ன வலைக்குள் புகுந்து, ஊசித் துளை வழியாக ஓடி அந்த வேலையைச் செய்கிறது. 0டபிள்யூ-20க்கு என்று செய்த அந்த வழிக்குள் 20டபிள்யூ-50ஐ ஊற்றிவிட்டு, காடி இழுக்கவில்லை, பெட்ரோல் குடிக்கிறது, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று புலம்பினால் நான் என்ன சொல்வது?

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை யாரும் போத்தலில் போடுவதில்லை. 150 டிகிரியில், பேரிங்குக்குள் நசுக்கப்படுகிற வேகத்தில் ஆயில் எவ்வளவு தாங்குகிறது என்று அளப்பார்கள். 20க்குக் குறைந்தபட்சம் 2.6 இருக்கவேண்டும், 30க்கு 2.9. 5டபிள்யூ-40க்கு 3.5. 15டபிள்யூ-40க்கு 3.7. ஐம்பதுக்கு? அதுவும் 3.7தான். மிகக் கடுமையான இடத்தில் 15டபிள்யூ-40இடமும் 20டபிள்யூ-50இடமும் ஜே300 கேட்கிற குறைந்தபட்சத் தாங்குசக்தி ஒன்றே. இதைச் சொன்னால் பட்டறையில் நம்ப மறுக்கிறார்கள்.

கெட்டி ஆயில் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்த காலத்தில் காடிப் புத்தகங்களில் ஒரு கட்டம் வரைந்திருப்பார்கள். கீழே வெளி வெப்பநிலை, அதன்மேல் கோடு கோடாக எந்தச் சூட்டு ஊருக்கு எந்த நம்பர் என்று இருக்கும். வெப்ப ஊருக்கு 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 எல்லாம் அதில் தாராளமாக இடம் பெற்றிருந்தன. அன்றைக்கு இருந்த என்ஜினுக்கும் அன்றைக்கு இருந்த ஆயிலுக்கும் அது சரி. அதைப் படித்துப் பழகிய போமன்தான் இன்றைய போமனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். கட்டம் போய்விட்டது, இப்போது வரும் சின்னக் காடிகளின் புத்தகத்தில் 0டபிள்யூ-20 என்று இருக்கிறது. ஆனால் பட்டறையில் அந்தப் பழைய கட்டம்தான் இன்னும் ஆட்சி செய்கிறது. தேய்ந்துபோய் ஆயில் குடிக்கிற பழைய என்ஜினுக்கு முப்பதிலிருந்து நாற்பதுக்கு ஏறினால் குடிப்பது கொஞ்சம் குறையலாம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். பழைய காஞ்சிலை இழுத்துப் பிடித்து ஓட்டுகிறவர் அப்படிச் செய்தால் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். நேற்று வாங்கிய காடிக்கு ஏன் அந்த வைத்தியம்?

காடியாவது போகட்டும். மோட்டார் விஷயத்தில்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ரெங்கத்தைச் சுற்றிச் செம்பனைத் தோட்டம். தோட்டத்தில் இருந்து டவுனுக்கு, டவுனில் இருந்து குளுவாங் ஃபேக்டரிக்கு, லாயாங் லாயாங்குக்கு, கூலாய்க்கு, செனாய்க்கு என்று பிழைப்புக்கு ஓடுகிறவர்களில் எத்தனையோ பேருக்கு மோட்டார்தான் கால். ஒருநாள் நின்றால் ஒருநாள் சம்பளம் போகும். அந்த மோட்டாருக்குத்தான் காடிக்கு வாங்கியதில் மிச்சம் கிடக்கிற ஆயிலை எடுத்து ஊற்றுகிறோம்.

என் அக்கா மகன் குளுவாங்கில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். ஹோண்டா இஎக்ஸ்5 வைத்திருக்கிறான். தாமானில் ஒருவர் காடிக்கு ஊற்றியது போக மிஞ்சிய 5டபிள்யூ-30ஐக் கொடுத்திருக்கிறார், நல்ல ஃபுல்லி, வீணாகக் கூடாது என்று. இவனும் ஊற்றிக்கொண்டான். கொஞ்ச நாளில் மேட்டில் ஏறும்போது என்ஜின் கத்துகிறது, மோட்டார் நகரமாட்டேன் என்கிறது. பட்டறைக்குப் போனால் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று தட்டு மாற்றிக் காசு வாங்கிக்கொண்டார்கள். "இந்த ஆயில் நல்ல ஆயிலா இருக்கே, அதையே ஊத்திடுறேன்" என்று மீதி இருந்ததையும் ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். மறுபடி அதே கத்தல். "மாமா, வண்டி ராசியில்லாத வண்டியோ?" என்று என்னிடம் வந்து நிற்கிறான் பிள்ளை. வண்டிக்கு ஒன்றுமில்லை. நான் போத்தலை வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.

பின்பக்கத்தில் வளையம் மாதிரி ஒரு முத்திரை. ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் முத்திரை அது. மேல் வளைவில் தரம், எஸ்பி என்று இருந்தது, 2020இல் வந்த தரம். நடுவில் 5டபிள்யூ-30. கீழ் வளைவில் வளத்தைச் சேமிக்கும் ஆயில் என்று ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தைதான் விஷயம். காடியில் பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்று உரசலைக் குறைக்கிற மருந்தைக் கலந்த ஆயில் அது. காடிக்கு அது நல்லதுதான், அங்கே கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருக்கிறது. இஎக்ஸ்5 மாதிரி மோட்டாரில் கிளட்ச், கியர், என்ஜின் மூன்றும் ஒரே ஆயிலில் குளித்துக்கொண்டிருக்கின்றன. கிளட்ச் தட்டு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள உரசல் வேண்டும். உரசலைக் குறைக்கிற மருந்தை அதிலேயே ஊற்றினால் அது எப்படிப் பிடிக்கும்?

இதற்காகவே ஜப்பானியர்கள் 1998இல் ஜாசோ என்ற மோட்டார் ஆயில் தரத்தைக் கொண்டுவந்தார்கள். ஆயிலில் ஊறும் கிளட்ச் உள்ள மோட்டாருக்கு எம்ஏ. பிறகு அதையே எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள், எம்ஏ2 இன்னும் நன்றாகப் பிடிக்கும். கிளட்ச் ஆயிலில் ஊறாத ஆட்டோ ஸ்கூட்டருக்கு எம்பி. மோட்டார் ஆயில் போத்தலில் சின்னக் கட்டத்துக்குள் இந்த எழுத்து இருக்கும். 10டபிள்யூ-40 என்று இரண்டு போத்தலில் ஒரே நம்பர் இருக்கலாம். ஒன்று காடிக்கு, ஒன்று மோட்டாருக்கு. நம்பரை மட்டும் பார்த்தாலும் போதாத இடம் இது, இந்த இடத்தில்தான் நாம் நம்பரையும் பார்ப்பதில்லை, எழுத்தையும் பார்ப்பதில்லை.

மோட்டாரில் இன்னும் ஒரு கஷ்டம் இருக்கிறது. கியர்ப் பற்கள் ஒன்றோடொன்று கடிக்கும்போது, முன்னால் சொன்ன அந்த நீளச் சங்கிலி மூலக்கூறுகளை அறுத்துப் போட்டுவிடுகின்றன. நாற்பதாக உள்ளே போன ஆயில் ஓட ஓட முப்பதை நோக்கி இறங்குகிறது. ஊற்றுவதும் ஒரு லிட்டருக்குக் குறைவு. இஎக்ஸ்5இல் காடிக்கு இருக்கிற மாதிரிக் காகித ஃபில்டரும் இல்லை. காற்றில் குளிர்கிற என்ஜின் என்பதால் வெளி வெயிலும் போக்குவரத்து நெரிசலும் இங்கே உண்மையாகவே கணக்கில் வரும். "நம்ம ஊரு வெயில்" என்ற பேச்சில் கொஞ்சம் நியாயம் இருப்பது காடிக்கு இல்லை, இந்தச் சின்ன மோட்டாருக்குத்தான். அதற்காக டுவென்டி ஃபிஃப்டி ஊற்றி, வருஷம் முழுக்க மாற்றாமல் ஓட்டச் சொல்லவில்லை. புத்தகத்தில் இருக்கிற நம்பரில், எம்ஏ போட்ட ஆயிலை, சொன்ன கிலோமீட்டரில் மாற்றச் சொல்கிறேன். விலை மலிவான எம்ஏ ஆயில்கூட அந்த ஃபுல்லியைவிட இவன் மோட்டாருக்கு நல்லது. எவ்வளவு நல்ல ஆயிலானாலும் இடம் மாறி ஊற்றினால் கெடுதல்தான்.

மலிவு என்று சொன்னேன், அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. எஸ்எஃப் என்று பொடி எழுத்தில் போட்ட 20டபிள்யூ-50 போத்தல் இன்னும் சில கடைகளில் தட்டில் நிற்கிறது. எஸ்எஃப் 1980இல் வந்த தரம். 1988க்குப் பிறகு செய்த காடி என்ஜின்களில் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தாது என்று ஏபிஐயே சொல்லிவிட்டது. டிரம்மில் இருந்து பிடித்துக் கொடுக்கிற ஆயிலில் அந்தப் பொடி எழுத்துகூட இருக்காது. போலி ஆயில் பிடிபட்ட செய்திகளும் நாட்டில் அடிக்கடி வருகின்றன. நம் கண்ணெதிரே சீல் உடைத்து ஊற்றச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுப்பது? காடிப் புத்தகம் மலாயில் இருக்கிறது, ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, தோட்டத்தில் உழைத்து, பிள்ளைகள் தலையெடுத்தபின் வாங்கிய காடியை ஆசை ஆசையாகத் துடைத்து வைத்திருக்கிற பெரியவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட இல்லை. அவர்கள் போமனை நம்புகிறார்கள். நம்புவது தப்பில்லை, வேறு வழியும் அவர்களுக்கு இல்லை. போமன்களில் எத்தனையோ பேர் நம் பிள்ளைகள்தான். கைவேலையில் கெட்டிக்காரர்கள். சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அவ்வளவு தெரிந்தவர்களுக்கு ஒரு மூடியில் இருக்கிற நம்பரைப் படிக்க அரை நிமிடம் ஆகாது. படிக்கத் தெரியாமல் இல்லை. டிரம் ஆயிலும் டென் ஃபோர்ட்டியும் மொத்தமாக வாங்கி வைத்திருப்பதால், வருகிற எல்லாக் காடிக்கும் அதுவே போகிறது. ஐந்து நம்பர் வாங்கி அடுக்க இடமும் முதலும் வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. அதைச் சொல்லிவிட்டால் நாமே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்போமே! "இது உங்க காடிக்கு உள்ள நம்பர் இல்லண்ணே, என்கிட்ட அது இல்ல, வேணும்னா வாங்கிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் மரியாதை குறையுமா?

ஆயில் மாற்றியதும் கண்ணாடி மூலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். இன்றைய தேதி, இன்றைய கிலோமீட்டர், அடுத்து வரவேண்டிய கிலோமீட்டர், பட்டறையின் போன் நம்பர். என்ன ஆயில் ஊற்றினார்கள் என்பது மட்டும் அதில் இருக்காது. ஆறு மாதம் கழித்து வேறு பட்டறைக்குப் போனால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவர் ஊற்றியது ஒன்று, இவர் மேலே கொஞ்சம் நிரப்புவது ஒன்று. போனமுறை நான் அந்த ஸ்டிக்கரைக் காட்டி, "தம்பி, நீங்க ஊத்துன நம்பரையும் இதுல எழுதிடுங்க" என்று கேட்டேன். "அதுக்கு இதுல கட்டம் இல்லண்ணே" என்றார். பேனாவை வாங்கி ஓரத்தில் நானே எழுதினேன். அவர் புதிதாக ஸ்டிக்கர் அச்சடிக்கக் கொடுக்கும்போது இன்னும் ஒரு கோடு சேர்த்துப் போடச் சொல்லியிருக்கிறேன். தலையாட்டியிருக்கிறார். அடுத்த கட்டு வந்ததும் போய்ப் பார்ப்பேன், கோடு இல்லையென்றால் மறுபடியும் கேட்பேன்.